பாயிஸின் அறுநூற்று நாற்பது

உங்கள் ஆஸ்பத்திரிக் கன்டீனில் சீனி போடாத பிளேன்டீ கேட்டால் இரண்டு கரண்டி சீனியோடுதான் வருகிறது, டொக்டர். நான் முறைப்பாடு செய்யவில்லை. குடித்துவிட்டு, கோப்பையை நானே கழுவிக் கொடுத்துவிட்டு, இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே என் மச்சானின் கையில் ஊசி குத்தி நெஞ்சுக் குழாய்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே இருப்பவனுக்கு வேறு என்ன வேலை.

இப்போது நீங்கள் வெளியே வந்து, "ஐயா, இவரோட குழாயெல்லாம் பச்சப்புள்ளையோடது மாதிரி சுத்தமா இருக்கு. பொட்டுச் சுண்ணாம்பு இல்ல. அந்த அறுநூத்தி நாப்பது எங்கேயிருந்து வந்திச்சி?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஸ்கேன் நிலையத்துக்குப் போன் போட்டிருப்பதாகவும், பழைய அறிக்கைகளைத் தேடி அனுப்புவார்கள் என்றும் சொல்கிறீர்கள். அது வரும்வரை நானே சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருடம் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

என்னை உங்களுக்குத் தெரியும். முனாஸ். வயது அறுபத்துமூன்று. இருபத்தேழு வருடமாக ஓடுகிறேன். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு இறங்கினால் கண்டி வாவியை மூன்று தடவை சுற்றுவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு தடவை. மழையென்று நின்றதில்லை. பெரஹரா ஊர்வல யானைகளுக்காக ஒரே ஒரு நாள் வழிவிட்டிருக்கிறேன். எங்கள் மூத்தோர் ஓட்டச் சங்கத்துக்கு எட்டு வருடமாக நான்தான் செயலாளர்.

எனக்குத் தெரிந்த நல்லதை மற்றவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். எங்கள் கலியாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம், சஹன் என்போம். என் சஹனுக்கு ஆறாவது ஆள் கிடைப்பது எப்போதும் கொஞ்சம் தாமதமாகும். ஐந்தாவது ஆளும் அப்படித்தான். கொழுப்புள்ள இறைச்சித் துண்டு யார் பக்கம் இருந்தாலும் நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். அது ஒரு சேவை. யாரும் நன்றி சொன்னதில்லை, நான் எதிர்பார்த்ததுமில்லை.

பாயிஸ் என் தங்கை றலியாவின் கணவர். திகனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் இந்த நேரம் தொண்ணூற்றாறு கிலோ இருந்தார். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் முந்நூறு மீட்டர் தூரம், அதற்கு த்ரீவீலரில் போவார். காலையில் பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும், பத்து மணிக்கு ருசி பார்க்க என்று ஒரு ரோல்ஸ், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவர் கையால் செய்கிற இனிப்பு வட்டிலப்பத்துக்கு மஹியங்கனையிலிருந்து ஆள் வரும். நல்ல மனிதர். யாரோடும் சண்டை போடத் தெரியாது. அதனால்தான் நாவலப்பிட்டியில் நடந்த அந்தக் கலியாணத்தில் அவருக்குக் கோபம் வந்தபோது எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் செய்தது ஒன்றுமில்லை. அவர் வாய்க்குக் கொண்டுபோன துண்டைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அவ்வளவுதான்.

"மச்சான், இருவத்தேழு வருஷமா ஓடுறீங்க. எங்க போய்ச் சேந்தீங்க? அந்த வாவியத்தானே சுத்திச் சுத்தி வாறீங்க. எனக்கு ஒரு நோயும் இல்ல. ஓங்களுக்கு இரிக்கா இல்லயா என்டு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்த வாரம்தான், டொக்டர், நீங்கள் என்னை ட்ரெட்மில்லில் ஓடவைத்தீர்கள். சங்கத்தில் அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தோம். தீர்மானத்தை எழுதியதே நான்தான். நீங்கள் மெஷினைக் கடைசிப் படிவரை ஏற்றினீர்கள், நான் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ், "அங்கிளுக்கு முப்பது வயசு பொடியன்ட ஹார்ட், சும்மா இருக்கிறப்போ நாடி ஐம்பத்துநாலுதான், நல்லா ஓடுறவங்களுக்குத்தான் இவ்வளவு மெதுவா அடிக்கும்" என்றார். அதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். "இதுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடிப் பழகினவங்க இந்தச் சோதனையில தப்பிச்சிருவாங்க ஐயா. வருஷக்கணக்கா நீண்ட தூரம் ஓடுறவங்கள்ல சிலருக்குக் குழாயில சுண்ணாம்பு கூடவே இருக்கும். ஒரு சீட்டீ ஸ்கேன் எடுத்துப் பாருங்க, எவ்வளவு படிஞ்சிருக்குன்னு ஒரு நம்பர் வரும்" என்றீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயம் உங்கள் வாயில்தான் தொடங்கியது.

வீட்டில் இதைச் சொன்னதும் பாயிஸ் கதிரையை விட்டு எழும்பினார். அவர் அவ்வளவு வேகமாக எழும்பி நான் கண்டதில்லை. "நானும் எடுக்கிறன் மச்சான். யாருக்கு நம்பர் கூட வருதோ அவர் ஒரு வருஷம் மத்தவர்ட சொல்லுக் கேக்கணும். எனக்குக் கூட வந்தா நான் ஓங்களோட ஓடுறன். ஓங்களுக்குக் கூட வந்தா ஓட்டத்த நிப்பாட்டிட்டு ஒரு வருஷம் நம்மட கடையில வந்து இரிங்க. நான் தாரதச் சாப்புடுங்க."

என் தங்கை, என் மனைவி மஸாஹிரா, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் நான் சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் இருந்தது.

இருவரும் ஒரே நாளில் போய் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கைகளை மூன்றாம் நாள் நான்தான் எடுக்கப் போனேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு தாள் வந்தால், அது காணி உறுதியாக இருந்தாலும், பிறப்பத்தாட்சியாக இருந்தாலும், மின்சார சபையின் சிவப்பு அறிவித்தலாக இருந்தாலும், முதலில் என்னிடம்தான் வரும். நான் வாசித்துக் காட்டுவேன். பிறகு என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்தான். இருந்தாலும் நான் வாசித்தால்தான் அது வாசித்தது. என் தங்கையின் நிக்காஹ் பதிவைக்கூட நான் வாசித்த பிறகுதான் பாயிஸ் கையெழுத்துப் போட்டார்.

வாவிக்கரை வாங்கில் உட்கார்ந்து இரண்டு உறைகளையும் பிரித்தேன். பாயிஸுக்குச் சைபர். எனக்கு அறுநூற்று நாற்பது.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பயம் இல்லை, டொக்டர். கோபம். வாழ்நாளில் ஒரு வெற்றிலை போடாதவன் நான். என் குழாயில் சுண்ணாம்பு. ஒரு நாளைக்கு ஆறு வாய் வெற்றிலை போடுகிறவருடைய குழாயில் ஒன்றுமே இல்லை. இருபத்தேழு வருட மழையும் பனியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்த வாங்கில் நான் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாத்து கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு யோசித்தேன். இது அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும். பிழையான தாளைத் திருத்துவது என் தொழில்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரும் என் வீட்டில் சஹனுக்கு உட்கார்ந்திருந்தோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழும்பி நின்று வாசித்தேன்.

"பாயிஸ், அறுநூற்று நாற்பது. முனாஸ், சைபர்."

நான் தாளில் எதையும் அழிக்கவில்லை, எதையும் எழுதவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான். ஒரு பெயரை மேலே வாசித்து ஒரு இலக்கத்தைக் கீழே வாசிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்து முடித்து இரண்டு தாளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பாயிஸின் கையில் ஒரு எலும்புத் துண்டு இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். றலியா அழுதுகொண்டே அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் மௌத்தாப் போறனா மச்சான்?" என்று கேட்டார்.

"சொல்லுக் கேட்டா இல்ல" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா. கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததேயில்லை.

பொறுப்பில்லாமல் நான் எதையும் செய்யவில்லை. அறுநூற்று நாற்பது சின்ன இலக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் குருநாகலுக்குப் பஸ் ஏறிப் போய், என்னைத் தெரியாத ஒரு ஹார்ட் டொக்டரிடம் காசு கட்டி நம்பர் எடுத்து, அறிக்கையைக் காட்டினேன். அவர் இரண்டு வகைக் குளிசை எழுதித் தந்தார், ஒன்று கொழுப்புக்கு, மற்றது இரத்தம் உறையாமல் இருக்க. நெஞ்சு இறுகினால் உடனே வரச் சொன்னார். இன்னொரு படம் எடுத்துப் பார்க்கும்வரை போட்டி எதிலும் ஓடக்கூடாது என்றும் சொன்னார். குளிசைகளை அன்றைக்கே கொண்டுபோய்ப் பாயிஸிடம் கொடுத்தேன்.

ஆமாம், அவற்றைப் பாயிஸ்தான் விழுங்கினார். ஒன்பது மாதமாக, ஒரு நாளும் தவறாமல். வேறு யார் விழுங்குவது? எனக்குச் சைபர் என்று எல்லோருக்கும் தெரியும். சைபர் உள்ளவன் குளிசை குடித்தால் மஸாஹிரா ஏன் என்று கேட்பாள். குருநாகல் டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் நான் ஒழுங்காகப் பாயிஸிடம் சேர்த்தேன். ஓடக்கூடாது என்றதை மட்டும் சேர்க்கவில்லை. அதைச் சொன்னால் அவர் பழையபடி உட்கார்ந்துவிடுவார்.

காலை ஐந்தேகாலுக்குத் திகனைக்குப் போய் அவரை எழுப்புவேன். முதல் வாரம் ரஜவெல்லப் பாதையில் நடந்தோம். அவர் ஒவ்வொரு மின்கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்று கலிமாச் சொன்னார். வீதி நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. மூன்றாம் வாரம் கம்பத்துக்குக் கம்பம் ஓடினார். காலைச் சாப்பாடு கொள்ளுக் கஞ்சி, பகலைக்குக் குரக்கன் ரொட்டி, இரவைக்கு வல்லாரைச் சம்பலும் நம்பிக்கையும்.

ஒரு அட்டையும் செய்து கொடுத்தேன். "இதய நோயாளி. கல்சியம் 640. விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்." சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மும்மொழியிலும் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் அவரை "அறுநூத்தி நாப்பது" என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். கொத்து ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும், கழுத்தில் அப்படி ஒரு அட்டையோடு முதலாளி வந்து "எண்ணெ கூடவா?" என்று கேட்டால்.

வட்டிலப்பம் மட்டும் அவர் செய்வதை நிறுத்தவில்லை. தான் ருசி பார்க்காமல் செய்தார். தட்டைத் திறந்து, கரண்டியைக் கிட்டக் கொண்டுபோய், மணம் பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஒரு நாள் அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைக் கண்டேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு ஆசை வரக்கூடாது என்பதற்காக அந்தத் தட்டை நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துப் போனேன்.

கொஞ்சம் சாப்பிட்டேன். மஸாஹிராதான் வெட்டிவைத்துத் தந்தாள். "சைபர்தானே ஓங்களுக்கு, சாப்புடுங்க" என்றாள்.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறக்கும்போது தட்டில் ஒரே ஒரு சமோசா இருந்தது. "மச்சான், இத எடுக்கட்டா?" என்று கேட்டார். அறுபத்தொரு வயது மனிதர், சொந்த வீட்டில், சொந்தக் கடைச் சமோசாவுக்கு என்னிடம் அனுமதி கேட்டார். பாதி எடுக்கச் சொன்னேன். அந்தப் பாதியை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்டைக்கு நீங்க அந்தத் தாள வாசிக்காட்டி நான் இந்த நோம்பக் கண்டிருக்க மாட்டன். ஒவ்வொரு தொழுகைக்கும் ஓங்களுக்குத்தான் துஆக் கேக்குறன்" என்றார். அந்தத் துஆவை நான் மறுக்கவில்லை. எனக்கு அது தேவையாக இருந்தது.

ஏனென்றால் மூன்றாம் மாதமே எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியிருந்தது. ஓடத் தொடங்கி முதல் பத்து நிமிடம் யாரோ பனியனை முறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும். நின்றால் போய்விடும். வாய்வு என்று எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் கவனமாக இருக்க வேண்டுமல்லவா, அதனால் தினமும் காலையில் பாயிஸிடம் கேட்பேன்: "நெஞ்சு இறுகுதா?" அவர் இல்லை என்பார். எனக்கு நிம்மதியாகிவிடும். அறுநூற்று நாற்பது உள்ளவருக்கே ஒன்றும் இல்லையென்றால் எனக்கு என்ன வரப்போகிறது?

சிரிக்காதீர்கள், டொக்டர். ஒரு தாளைப் பத்து இடத்தில் வாசித்துவிட்டால் அதுதான் உண்மை. அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்த யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆறாம் மாதம் வரும்போது நான் அலுமாரியைத் திறந்து பார்த்தால்கூட என் கண் சைபரைத்தான் தேடும்.

இதற்கிடையில் பாயிஸ் எழுபத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டார். த்ரீவீலர்க்காரர் வருத்தப்பட்டு வீட்டுக்கே வந்து விசாரித்தார். வாவியைச் சுற்றும்போது முதலில் எனக்குப் பின்னால் வந்தார், பிறகு பக்கத்தில் வந்தார், பிறகு என்னோடு கதைத்துக்கொண்டு வந்தார். ஓடும்போது கதைக்க முடிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வைத்தியத்துக்காக ஓடுகிறவர் அளவோடு ஓட வேண்டும். அதைச் சொன்னேன். "சரி மச்சான்" என்று வேகத்தைக் குறைத்தார். எனக்காகக் குறைக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

இன்றைய ஓட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திகனையிலிருந்து ஹுன்னஸ்கிரியவரைக்கும் இருபத்தொரு கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். அறுபது தாண்டியவர்களின் பிரிவில் மூன்று வருடமாக நான்தான் முதலாவது. போட்டிக்கு இரண்டே பேர் வந்த வருடங்களும் உண்டு, ஆனாலும் முதலாவது முதலாவதுதான். பாயிஸ் தானும் வரட்டுமா என்று கேட்டார். நடந்து வாருங்கள் என்றேன். அட்டையைக் கழற்றக் கூடாது என்றும் சொன்னேன்.

தெல்தெனிய தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் அவர் என்னைத் தாண்டினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாண்டினார், டொக்டர். "மச்சான், கோவிச்சிக்காதீங்க, கால் நிக்குதில்ல" என்றார். கழுத்தில் என் அறுநூற்று நாற்பது ஆடிக்கொண்டு போனது. நான் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு வளைவு தாண்டியதும் நெஞ்சு இறுகியது. இந்த முறை போகவில்லை. தாடைவரை வந்தது, கை கனத்தது. ஒரு மதகுக் கட்டில் உட்கார்ந்தேன். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேலேயிருந்து, "ஐயா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பாயிஸ் திரும்பிப் பார்த்திருக்கிறார். முந்நூறு மீட்டர் முன்னால் போனவர், முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர், ஓட்டத்தை விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தார். "மச்சான், என்னா? யா அல்லாஹ், மூஞ்செல்லாம் வேர்த்திரிக்கி" என்று என்னைக் கட்டிப் பிடித்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. அழுதுகொண்டு என் நெஞ்சைத் தடவினார். அந்த நேரம்தான் முதலுதவிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருக்கிறோம், யார் நோயாளி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என்னிடம்தான் கேட்டார்கள்.

"அட்டையப் பாருங்க" என்றேன்.

அட்டையைப் பார்த்தார்கள். மும்மொழியிலும் தெளிவாகத்தானே இருந்தது. பாயிஸைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். "எனக்கு ஒண்டுமில்ல, மச்சானப் பாருங்க" என்று அவர் கத்தினார். இந்த நோயில் அப்படித்தான், நோயாளிக்குத் தெரியாது என்று நான் அவர்களிடம் விளக்கினேன். பிறகு பாயிஸின் கையைப் பிடித்து, "அசையாமப் படுங்க மச்சான், இது ரொம்ப ஆபத்தான நேரம்" என்றேன். உடனே படுத்துவிட்டார். ஒன்பது மாதமாக என் சொல்லைக் கேட்டுப் பழகியவர்.

அம்புலன்ஸில் துணைக்கு வருகிறவருடைய இருக்கையில் நான் உட்கார்ந்து வந்தேன். கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவலை என்று நினைத்திருப்பார்கள். திகனை வரும்போது இறுக்கம் கொஞ்சம் இளகியது.

மிச்சத்தை நீங்கள் அறிவீர்கள். இதயம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற ஏதோ ஒன்று அவருடைய சோதனையில் கொஞ்சம் கூடிக் காட்டியது. நீண்ட தூரம் ஓடியவர்களுக்கு அது சும்மாவும் கூடும் என்று நீங்களே சொன்னீர்கள். "ஆனா அறுநூத்தி நாப்பது உள்ள ஆள அப்படி விட ஏலாது. படமெடுத்துப் பாத்திருவோம்" என்றீர்கள். அறிக்கை எங்கே என்று கேட்டீர்கள். அலுமாரியில் இருக்கிறது, சாவி வீட்டில், ஆனால் இலக்கம் எனக்கு மனப்பாடம் என்றேன். பாயிஸும் ஆமென்று தலையாட்டினார்.

ஆகவே, அந்த அறுநூற்று நாற்பது என்னுடையது. பாயிஸுக்கு ஒரு நாளும் ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் போனுக்கு இப்போது வந்த சத்தம் அந்த அறிக்கைகளாகத்தான் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதில் ஒரு எழுத்து மாறியிருக்காது.

ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். அவர் கண் விழித்ததும், அறுநூற்று நாற்பதாக இருந்தது ஒன்பது மாதத்தில் கரைந்து சைபராகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். ஓடியதால் கரைந்தது என்று சொன்னால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு அப்படிக் கரையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று யோசித்துப் பாருங்கள். றலியா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கும் நிம்மதியாக இருக்கும். சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் ஒரு பந்தி எழுதலாம். அவருக்கு நான் கெடுதலா செய்தேன்? இருபத்தைந்து கிலோ குறைந்திருக்கிறார். வெற்றிலையை விட்டுவிட்டார். எல்லாம் அவருடைய நன்மைக்குத்தானே.

நர்ஸ் மிஸ், சட்டையை நானே கழற்றுகிறேன். உங்கள் வயர்களை ஒட்டுங்கள். இப்போதும் கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கதைக்க முடிகிறது.

டொக்டர், நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. அந்த மருந்தையும் ஓட்டத்தையும் விடுங்கள், ஒரு சுகதேகியைக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தேன். அல்லாஹ்மீது ஆணையாகச் சொல்கிறேன். கதவடியில் நீங்கள் படிவத்தை நீட்டி, "ஐயா, நீங்கதானே இவருக்குப் பொறுப்பு? நாங்க தெரிஞ்சிக்க வேண்டியது வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டீர்களே, அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வாயைத் திறந்தேன். பாயிஸ் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே அந்தச் சின்னத் திரையில் நாடித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்பது.

மெஷின் பிழையாக இருக்கும் என்று நினைத்து நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மாறவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளாவது என்னுடையது ஐம்பத்துநாலுக்குக் கீழே இறங்கியதில்லை, டொக்டர். "வேற ஒண்டுமில்ல, கொண்டுபோங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.